வாவிக்கரையின் யாழாசிரியர்

ஓலையிலே எழுதிய நூல் ஒன்று கரையானுக்கு இரையாகாமல் தப்பிவிடுமாயின், ஆயிரம் ஆண்டு கழிந்த பின்னும் அதனைப் படித்துப் பொருள் காண்பதற்கு ஒருவர் தோன்றக்கூடும். ஆனால், இசைக்கருவி ஒன்றை வாசிக்கும் கைப்பழக்கம் குருவிடமிருந்து சீடனிடம் இறங்குவது ஒரு தலைமுறையில் நின்றுபோகுமாயின், அக்கருவியின் மரம் எஞ்சினாலும் நாதம் எஞ்சுவதில்லை. தமிழருடைய யாழுக்கு நேர்ந்த கதி இதுவே. அரசர் அவைகளிலும் ஊர்ப் பொதுவிடங்களிலும் ஒரு காலத்தில் தலைமை பெற்று விளங்கிய அந்த நரம்புக்கருவி, மரமும் இன்றி, வாசிப்பாரும் இன்றி, வெறும் பெயரளவில் நூல்களில் மட்டும் நின்ற காலத்தில், அதன் உறுப்புக்களையும் நரம்புகளின் முறையையும் கணக்கிட்டுக் கண்டு, மீண்டும் செய்வித்து, சபையிலே ஒலிக்கச் செய்தவர் ஒரு சங்கீத வித்துவான் அல்லர்; மட்டக்களப்புக்குத் தெற்கே கடலோரக் கிராமம் ஒன்றில் பிறந்து, விஞ்ஞானம் கற்பிக்கும் உபாத்தியாயராக வாழ்க்கையைத் தொடங்கி, துறவியாகி, பேராசிரியராகி, ஐம்பத்தைந்து வயதில் மறைந்த விபுலாநந்த அடிகளாரே அவர். இவ்வரிய காரியம் அவருக்குக் கைகூடியதற்கு அவர் எல்லா நிலைகளிலும் ஓர் ஆசிரியராகவே இருந்தார் என்பதே தலையாய காரணம் என்று யான் கருதுகின்றேன். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ் என்பது எத்தகைய கருவி என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் நன்று. இக்காலத்துப் பிள்ளைகள் கையில் எடுத்து வாசிக்கும் கிட்டாரிலும், நம் வீணையிலும், ஒரு தந்தியை வெவ்வேறு இடங்களில் விரலால் அழுத்தி வெவ்வேறு சுரங்களைப் பிறப்பிக்கின்றோம். யாழ் அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. வளைந்த கோட்டிலிருந்து பத்தர் என்னும் ஒலிக்கூடு வரையில் நீண்டும் குறுகியும் வரிசையாகக் கட்டிய நரம்புகளில், ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு சுரத்துக்கு உரியது. ஊர் என்னும் பழைய சுமேரிய நகரத்தில் அகழ்ந்தெடுத்த கருவிகளும், பர்மிய தேசத்தில் இன்றளவும் வாசிக்கப்படும் சவுங் என்னும் வில்வடிவக் கருவியும், அமராவதிச் சிற்பங்களிற் காணப்படுவனவும், சமுத்திரகுப்த சக்கரவர்த்தி தன் பொன் நாணயத்தில் மடிமேல் வைத்து வாசிப்பதாகப் பொறித்த கருவியும் யாழுக்கு இனமானவையே. வேட்டுவனுடைய வில்லின் நாண் அதிர்ந்தெழுப்பும் ஒலியே இவ்வினத்துக்குத் தோற்றுவாய் என்று அறிஞர் ஊகிப்பர்.

சங்ககாலத்துப் பாணர்கள் இக்கருவியைத் தோளிலே தொங்கவிட்டு ஊர்தோறும் சென்றனர். சிறிய யாழை வாசித்தோரைச் சிறுபாணர் என்றும் பேரியாழை வாசித்தோரைப் பெரும்பாணர் என்றும் வழங்கிய மரபை, பத்துப்பாட்டில் உள்ள இரண்டு ஆற்றுப்படைகளின் பெயர்களே காட்டும். பேரியாழுக்கு நரம்பு 21 என்றும், மகரயாழுக்கு 19 என்றும், சகோடயாழுக்கு 14 என்றும், செங்கோட்டியாழுக்கு 7 என்றும் சிலப்பதிகார உரையாசிரியராகிய அடியார்க்குநல்லார் கூறுவர். கோடு செய்வதற்குக் கருங்காலி, கொன்றை முதலிய உறுதிமிக்க மரங்களையும், பத்தர் செய்வதற்குக் குமிழ், தணக்கு, முருக்கு முதலிய மென்மரங்களையும் தேர்ந்தனர் என்று பழைய உரைகளால் அறிகின்றோம். நரம்புகளின் இழுவையைத் தாங்கும் உறுப்பு வன்மையுடையதாகவும், அதிர்ந்து ஒலியைப் பெருக்கும் உறுப்பு இலேசானதாகவும் இருத்தல் வேண்டும் என்ற தொழில்நுட்பம் அத்தெரிவில் அடங்கியிருக்கின்றது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தருடன் தலந்தோறும் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர் காலத்தில் இக்கருவி பூரண மதிப்போடு விளங்கியதைப் பெரியபுராணம் உணர்த்துகின்றது.

அதற்குப் பின்வந்த நூற்றாண்டுகளில் யாழ் படிப்படியாக ஒதுங்கியது. குரல் நரம்பை மாற்றாமலே பண்ணை மாற்றுந்தோறும் நரம்புகளைத் திருப்பிச் சுருதி கூட்டவேண்டிய சிரமம் யாழில் உண்டு. ஒரு சுரத்தை அசைத்தும் வளைத்தும் கமகம் காட்டும் வசதியோ குறைவு. மெட்டுக்கள் அமைந்த வீணையில் இவ்விரண்டு குறைகளும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில், மெட்டுக்களை நிலையாகப் பதித்த வீணை வடிவம் பெற்று எல்லா இராகங்களுக்கும் இடங்கொடுத்தபோது, யாழுக்கு வேலையில்லாமற் போயிற்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழும் வீணையும் ஒன்றா வேறா என்பதே வித்துவான்களிடையே விவாதப்பொருளாயிருந்தது.

விபுலாநந்தர் 1892ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் காரைதீவிலே சாமித்தம்பி, கண்ணம்மை என்னும் தம்பதியருக்குப் புத்திரராகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். கல்முனைக்குத் தெற்கே உள்ள காரைதீவு, அம்பாறை மாவட்டம் 1961இல் தனியாகப் பிரியும் வரையில் மட்டக்களப்பு மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது. அவர் பிறந்த அதே 1892இல், கடலுக்கு அப்பால், உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் முதன்முறையாகப் பதிப்பித்து வெளியிட்டார். யாழைப் பற்றிய செய்திகள் மிகுதியாகப் பொதிந்து கிடப்பது அவ்வுரையிலேதான். பிற்காலத்தில் அதனைத் திறப்பதற்கு உரிய குழந்தையும் அந்நூலும் ஒரே ஆண்டில் உலகத்துக்கு வந்தமை நினைக்குந்தோறும் உவகை தருவதொன்றாகும்.

அச்சேறிய சிலப்பதிகாரம் வருவதற்கு முன்பே, அதன் கதாநாயகி அவ்வூரில் குடியிருந்தாள். காரைதீவுக் கண்ணகியம்மன் ஆலயத்தில் வைகாசி மாதச் சடங்குக் காலத்தில் கண்ணகி வழக்குரை பாடப்படும். கோவலன் கொலையுண்டதும் மதுரை எரிந்ததும் பாட்டாகக் கேட்டு ஊர் முழுவதும் கண்ணீர் வடிக்கும். ஈற்றில் அம்மனின் கோபம் தணியக் குளிர்த்தி பாடுவார்கள். இளமையில் இப்பாட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சிலப்பதிகாரம் அந்நியமான ஏட்டுச் சரக்காக ஒருபோதும் இருந்திராது.

அந்த வாவிப் பிரதேசமே இசைக்குப் பேர்போனது. வடக்கு தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையிலும் கிழக்கே எழுவான்கரையிலும், வடமோடி என்றும் தென்மோடி என்றும் இருவகைக் கூத்துக்கள் வட்டக்களரியில் விடியும்வரை ஆடப்படுவன. அண்ணாவியார் மத்தளம் கொட்டி வரவு விருத்தம் பாடினால், எழுத்தறியாத முதியோரும் தாளம் பிசகாமல் உடன்பாடுவர். 1628இல் போர்த்துக்கீசர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையைச் சுற்றி நிலைத்த பறங்கியர் குடும்பங்கள், தங்கள் கிரியோல் மொழியோடு வயலினையும் கிட்டாரையும் கபிரிஞ்ஞா நடனத்தையும் கலியாண வீடுகளில் பேணிவந்தன. பூரணை நாட்களில் கல்லடிப் பாலத்தருகே தோணியிற் சென்று துடுப்பை நீரில் அமிழ்த்தி அதன் மறுமுனையில் காதை வைத்தால், நீருக்கடியிலிருந்து வீணை நரம்பைத் தெறித்தாற்போன்ற ஒலி கேட்கும் என்பது இப்பகுதியின் நீண்டகாலப் பிரசித்தி. எமர்சன் தெனன்ற் என்ற ஆங்கில உத்தியோகத்தர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இதனைக் கேட்டு எழுதிவைத்தார். அடிகளாரும் இவ்வொலியில் உள்ளம் ஈடுபட்டு, நீரரமகளிர் இசைத்ததாகச் செய்யுள் வடிவிற் பாடினார்.

மயில்வாகனத்தின் ஆரம்பக் கல்வி ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடமும், பின்னர்க் கல்முனையிலும் நடந்தது. தமிழும் வடமொழியும் வைத்திலிங்க தேசிகரிடம் கேட்டார். அதன்பின் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியில், பிரெஞ்சு தேசத்திலிருந்து வந்த இயேசுசபைத் துறவியரிடம் ஆங்கிலமும் கணிதமும் விஞ்ஞானமும் கற்று, 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியடைந்தார். தாம் கற்ற அக்கல்லூரியிலேயே ஆசிரியருமானார். 1911இல் கொழும்பு சென்று ஆசிரியர் பயிற்சி பெற்றார். 1916ஆம் ஆண்டு அவர் வாழ்விலே குறிப்பிடத்தக்கது; கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானத்தில் தகுதிப் பத்திரமும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் அவ்வொரே ஆண்டில் அவரை வந்தடைந்தன. இலங்கையிலிருந்து அப்பட்டத்தைப் பெற்ற முதல்வர் என்று அவரைப் போற்றுவர். 1917இல் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராக அமர்ந்து, 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியாகி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியையும் ஏற்றார்.

பரிசோதனைச்சாலையில் மாணாக்கருக்குப் பௌதிகம் கற்பித்த அந்த ஆண்டுகள் வீண்போகவில்லை. இழுத்துக் கட்டிய தந்தியின் நீளத்துக்கும் அதிர்வுக்கும் உள்ள சம்பந்தம், ஒலியைப் பற்றிய பாடத்தில் முதலிற் கற்பிக்கப்படும் விஷயம். இலக்கணமும் உரையும் மட்டுமே கற்ற பண்டிதர்கள் யாழ் பற்றிய உரைப்பகுதிகளைக் கண்டு திகைத்துத் தாண்டிச் சென்றனர். இசை மட்டுமே கற்ற வித்துவான்கள் பழைய தமிழ் நூல்களுக்குள் நுழைய முடியாமல் நின்றனர். பண்டிதரும் பௌதிக ஆசிரியரும் ஒருவரேயாய் இருந்த இடத்தில் மட்டுமே யாழின் கதவு திறக்கக்கூடியதாய் இருந்தது.

1922இல் அவர் சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து, பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரிய நாமம் பெற்று, 1924இல் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று விபுலாநந்தரானார். அங்கே 'இராமகிருஷ்ண விஜயம்' என்னும் தமிழ்ப் பத்திரிகையையும் 'வேதாந்த கேசரி' என்னும் ஆங்கிலப் பத்திரிகையையும் நடத்தும் பணியில் ஈடுபட்டார். துறவு அவரைப் பாடசாலையிலிருந்து பிரிக்கவில்லை. முன்னிலும் நெருக்கமாகப் பிணைத்தது. 1925இல் இலங்கைக்கு மீண்டபின், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளைத் தம் பொறுப்பில் ஏற்று, ஏழைப் பிள்ளைகளும் தாய்தந்தையற்ற பிள்ளைகளும் தங்கிக் கற்பதற்கு வழிசெய்தார். 1929இல் கல்லடி உப்போடையில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றரையில், தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

1931இல் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அங்கே பகலில் உயர்கல்வி மாணாக்கருக்குத் தமிழ் கற்பித்தவர், அயலிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று, அக்காலத்துச் சமூகம் தீண்டத்தகாதவர் என ஒதுக்கிய மக்களின் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்தார். இசைக்கல்லூரியும் உடனிருந்த அச்சூழலில்தான் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அதன் உரையும் அவரை முழுமையாக ஆட்கொண்டன. மாதவி ஆடல் அரங்கேறும் அக்காதையில், யாழாசிரியனுக்குரிய இலக்கணத்தைக் கூறும் சில அடிகளே உள்ளன. அச்சில அடிகளின் பொருளை ஐயமற நிறுவும் முயற்சியே பதினாறு ஆண்டுகளில் வளர்ந்து 'யாழ்நூல்' என்னும் பெருநூலாகியது. 1936இல் பழந்தமிழ் இசை பற்றி அப்பல்கலைக்கழகத்தில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் அந்நூலுக்கு முன்னோட்டமாய் அமைந்தன.

அம்முயற்சி எத்துணைக் கடினமானது என்பதை வாசகர் எண்ணிப்பார்த்தல் வேண்டும். தமக்கு முன்னிருந்த பழைய இசைநூல்கள் பல இறந்தன என்று அடியார்க்குநல்லாரே வருந்தி எழுதினார். அவர் கையாண்ட 'பஞ்சமரபு' போன்ற நூல்களும் விபுலாநந்தருக்குக் கிட்டவில்லை; பஞ்சமரபு அச்சேறியது 1970களிலேதான். தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' ஒன்றே அத்துறையில் முன்சென்ற பெருமுயற்சியாக இருந்தது. இந்நிலையில், உரைகளிற் சிதறிக்கிடந்த சூத்திரங்களையும் மேற்கோள்களையும் ஒன்றுதிரட்டி, சூடு மிதித்துத் தூற்றிப் பதரினின்று மணியைப் பிரிக்கும் படுவான்கரை உழவனைப் போல, பிற்காலத்தார் கலந்த பிழைகளினின்று பழைய முறையைப் பிரித்தெடுக்க வேண்டியவரானார்.

அவர் மேற்கொண்ட ஆராய்ச்சியின் அடிப்படையைச் சாதாரண வாசகரும் எளிதில் அறிந்துகொள்ளலாம். 60 சென்ரிமீற்றர் நீளமுள்ள நரம்பு ஒன்றை இழுத்துக் கட்டி, அதில் எழும் ஒலியைக் குரல், அதாவது ஷட்ஜம், என்று கொள்வோம். அதே இழுவையில் 30 சென்ரிமீற்றர் நரம்பு மேல்நிலைக் குரலைத் தரும். 40 சென்ரிமீற்றர் நரம்பு இளியாகிய பஞ்சமத்தைத் தரும். 45 சென்ரிமீற்றர் நரம்பு உழையாகிய மத்திமத்தைத் தரும். இவ்வளவுகள் மனிதர் வகுத்த விதிகள் அல்ல, இயற்கையின் நியதி. ஆதலின் யவன தேசத்துப் பிதாகரசும், நம் நாட்டுப் பாணனும், ஒருவரையொருவர் அறியாமலே இதே உறவுகளைத் தங்கள் காதாற் கண்டனர். ஒரு நரம்புக்கு ஐந்தாம் நரம்பைக் கிளை என்றும், நான்காம் நரம்பை நட்பு என்றும், இணங்காத மூன்றாம் ஆறாம் நரம்புகளைப் பகை என்றும் தமிழர் பெயரிட்டனர்.

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளும் இந்தக் கிளையுறவினாலேயே ஒன்றிலிருந்தொன்று பிறக்கும் என்பது பழந்தமிழ் இசைமரபு. தாரத்திலிருந்து உழையும், உழையிலிருந்து குரலும், குரலிலிருந்து இளியும், இளியிலிருந்து துத்தமும், துத்தத்திலிருந்து விளரியும், விளரியிலிருந்து கைக்கிளையும் பிறக்கும். இந்த வரிசைப்படி சுரங்களை ஆர்மோனியத்தில் ஒருவர் வாசித்துப் பார்ப்பாராயின், இன்று நாம் அரிகாம்போதி என்று வழங்கும் இராகத்தின் ஏழு சுரங்களும் ஒன்றும் குறையாமல் வந்து நிற்பதைக் காண்பார். பழைய நூல்கள் செம்பாலை என்று முதன்மை கொடுத்துப் பேசும் அமைப்பு இதுவே. மறைந்துபோனதாக நாம் வருந்திய இசை வேற்றுப்பெயர் பூண்டு நம் பாகவதர்களின் கண்டத்திலும் நாகசுரக்காரரின் சீவாளியிலும் உயிரோடிருந்தது என்பதைக் கணிதம் தெளிவாகக் காட்டியது.

அடுத்து வருவது பாலைத்திரிபு. செம்பாலையின் நரம்புகளைச் சிறிதும் மாற்றாமல், குரலுக்குப் பதிலாகத் துத்தத்தையே குரலாகக் கொண்டு வாசித்தால் படுமலைப்பாலை தோன்றும். இது இன்றைய நடபைரவி. அவ்வாறே உழையைக் குரலாகக் கொண்டால் அரும்பாலை என்னும் சங்கராபரணமும், இளியைக் கொண்டால் கோடிப்பாலை என்னும் கரகரப்பிரியாவும், விளரியைக் கொண்டால் விளரிப்பாலை என்னும் தோடியும், தாரத்தைக் கொண்டால் மேற்செம்பாலை என்னும் கலியாணியும் பிறக்கும். கைக்கிளை தரும் செவ்வழிப்பாலையிற் பஞ்சமம் அமையாமையால், அது மட்டும் இன்றைய வழக்கில் நேரான மேளமாக நிற்கவில்லை. நரம்புகளை ஒருமுறை கூட்டிவைத்து, தொடங்கும் இடத்தை மாற்றுவதனால் ஏழு பெரும்பண்ணமைப்புக்களைப் பெறும் இந்த உபாயம், நரம்புக்கு ஒரு சுரம் என்ற யாழில் இயல்பாகத் தோன்றக்கூடியது. கருவியின் உருவமும் இசையின் இலக்கணமும் ஒன்றையொன்று எவ்வாறு வளர்த்தன என்பது இங்கே புலனாகின்றது.

கிளைமுறையிற் பன்னிரண்டு படி ஏறிச் சென்றால் தொடங்கிய குரலுக்கே மீள்வோம் என்று எதிர்பார்ப்போம். கணக்கோ நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்றுக் குறைவான அளவு மிகுதியாக வந்து முடியும். இந்த நுண்ணிய மிச்சத்தை எவ்வாறு பங்கிடுவது என்பது உலகத்து இசைவாணர் அனைவரையும் வருத்திய பிரச்சினை. மேல்நாட்டார் பியானோவிலும் கிட்டாரிலும் அதனைப் பன்னிரண்டு இடங்களுக்கும் சமமாகப் பகிர்ந்து மறைத்துவிட்டனர். நம்மவர் நுட்பமான சுருதிகளாகப் பகுத்து வாழவைத்தனர். இச்சுருதிகளின் அளவுகளை அலகு அலகாகக் கணக்கிட்டு எழுதிய பக்கங்களில், மானிப்பாயிலும் யாழ்ப்பாணத்திலும் கரும்பலகையின் முன் நின்ற விஞ்ஞான ஆசிரியரை நாம் நேரிற் காண்கின்றோம்.

யாழ்நூல் பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களாக அமைந்தது. கருவியின் உறுப்புக்களைக் காட்டி, நரம்புகளைக் கூட்டுவித்து, அவற்றிலிருந்து பாலைகளைப் பிறப்பித்து, பாலைகளிலிருந்து 103 பண்களுக்குச் சென்று, அப்பண்களில் ஓதுவார்கள் இன்றும் பாடும் தேவாரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் அந்த ஒழுங்கு, மாணாக்கனை அறிந்ததிலிருந்து அறியாததற்குக் கைபிடித்து நடத்திச் செல்லும் நல்லாசிரியன் வகுத்த பாடத்திட்டமே அன்றி வேறன்று.

நூல் வளர்ந்த காலத்திலும் அவர் ஓரிடத்தில் அமைதியாக இருக்கவில்லை. சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சியில் முன்னின்று, விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கும் வழிக்குத் துணைபுரிந்தார். 1939இல் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்துக்குச் சென்று, 'பிரபுத்த பாரதம்' என்னும் ஆங்கிலப் பத்திரிகைக்கு ஆசிரியராய் அமர்ந்து, பனி சூழ்ந்த அவ்விடத்திலும் யாழாராய்ச்சியைத் தொடர்ந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். உடல் நலிந்து, வாதநோயின் உபாதையும் சேர்ந்த நிலையில், நூலை அச்சேற்றும் பொறுப்பைத் தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் ஏற்றுக்கொண்டது.

1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் 6ஆம் நாட்களில், சோழநாட்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. அடிகளார் கணக்கிட்ட அளவுகளின்படி செய்வித்த கருவிகளை, தஞ்சை நால்வர் மரபில் வந்த வீணை வித்துவான் க. பொ. சிவானந்தம் சபையிலே மீட்டி இசைத்தார். பல நூற்றாண்டாகப் புலவர் ஏட்டில் மட்டும் கேட்ட நாதம் அன்று மனிதர் காதில் விழுந்தது. அதன்பின் ஆறு வாரங்களே அடிகளார் வாழ்ந்தார். 1947 ஜூலை 19ஆம் நாள் கொழும்பிலே அவர் ஆவி பிரிந்தது. திருமேனி மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தின் முன்றிலில், மாணாக்கர் நாள்தோறும் நடக்கும் வழியருகே சமாதி வைக்கப்பட்டது.

அவருடைய முடிபுகள் யாவும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை என்று எவரும் சாதிக்க வேண்டியதில்லை. சுருதிகளின் பகுப்பிலும், பண்களை இராகங்களோடு ஒப்பிடும் இடங்களிலும், கருவிகளின் உருவத்திலும், பின்வந்த ஆராய்ச்சியாளர் அவரோடு மாறுபட்டதுண்டு. ஆயினும், மாறுபடுவதற்கும் திருத்துவதற்கும் இடமுள்ள ஒரு துறையாக யாழாராய்ச்சியை நிலைநிறுத்தியவர் அவரே. அவருக்கு முன் யாழைப் பற்றிப் பேசியோர் பெரும்பாலும் பழம்பெருமையை வியந்தனர். அவர் எண்களையும் அளவுகளையும் முன்வைத்து, வேண்டியவர் சோதித்துப் பார்க்கலாம் என்று கையளித்தார். பெருமிதத்தைக் காட்டிலும் பிரமாணம் மேலானது என்ற இந்தப் பாடம், இசைக்கு மாத்திரமன்றித் தமிழாராய்ச்சி முழுவதற்கும் உரியது.

இன்று கல்லடியில் அவர் பெயரால் விளங்கும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், 1980களில் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, பின்னர்க் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, சங்கீதமும் நடனமும் நாடகமும் ஓவியமும் கற்பித்து வருகின்றது. வாவியின் இருகரையிலிருந்தும் வரும் பிள்ளைகள் அங்கே வீணையும் வயலினும் மிருதங்கமும் பயில்கின்றனர். வீடுகளில் கிட்டார் பயிலும் இளைஞர்களும் பலர். சென்னையில் அண்மைக்காலத்தில் இளம் கைவினைஞர் சிலர் பழைய குறிப்புக்களைக் கொண்டு யாழைப் புதிதாகச் செய்து, புதிய பாடல்களுக்கும் வாசிக்கத் தலைப்பட்டுள்ளனர். யாழ்நூல் பிறப்பதற்கு வேர்கொடுத்த மண்ணில் இம்முயற்சி பின்தங்கி நிற்பது தகுதியன்று.

ஆகவே, கிழக்கிலங்கையின் இசையாசிரியர்களுக்கும் பாடசாலை அதிபர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் அடிகளாரின் சிலைக்கு மாலை சூட்டி விழா எடுக்கின்றோம். அவ்வளவில் அமையாமல், ஏழு நரம்புள்ள எளிய செங்கோட்டியாழ் ஒன்றையேனும் நம் தச்சர்களைக் கொண்டு செய்வித்து, பாடசாலையின் சங்கீத வகுப்பில் வையுங்கள். 60, 45, 40, 30 என்ற நான்கு அளவுகளைப் பிள்ளைகளே அளந்து, நரம்பைக் கட்டித் தெறித்துக் கேட்கட்டும். கணித ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் சங்கீத ஆசிரியரும் அவ்வகுப்பிற் கூடி நிற்கட்டும். அந்நால்வர் பணியையும் தாம் ஒருவராக நின்று செய்த பேராசானுக்கு, அவர் பிறந்த நாட்டவர் செலுத்தத்தக்க குருதட்சிணை அதுவே.